என் பங்குப் பழையது

இந்தக் கோடையில் எங்கள் வீட்டில் ஆரோக்கியத்துக்கு ஒரு குறையும் இல்லை. அந்த ஆரோக்கியம் முழுவதும் என் வீட்டுக்காரருக்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் விஷயம்.

அவர் போலீஸில் எஸ்.எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்வீஸில் இருந்தவரை உடம்பைப் பற்றி அவருக்கு ஒரு நினைப்பும் கிடையாது. ராத்திரி ரோந்து முடிந்து வந்து பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்காருவார். ஓய்வுக்குப் பிறகு கையில் போன் இருந்தது, நேரமும் இருந்தது. போனுக்குள் ஒரு ஆள் தினமும் வந்து உட்கார்ந்து, வெயில் காலத்தில் என்ன சாப்பிட வேண்டும், எந்த நேரத்தில் சாப்பிட வேண்டும், எப்படி நடந்தால் எனர்ஜி வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்டதையெல்லாம் செய்ய வேண்டியவள் நான். மெட்டபாலிசம் என்ற சொல்லை எங்கள் ஊர் இலஞ்சியில் இவரைவிட அதிகமாகச் சொன்னவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். ஸ்டேஷனில் விட்டுவிட்டு வந்த அதிகாரத்தையெல்லாம் என் அடுப்படியில் எடுத்துக்கொண்டார்.

விடியும் முன்னே எழுந்ததும் சீரகத் தண்ணீர் இளஞ்சூடாக இருக்க வேண்டும். நடந்துவிட்டு வருவதற்குள் கேப்பைக் கூழ் ஆறியிருக்க வேண்டும். பிரிட்ஜ் தண்ணீர் ஆகாது. மண்பானையில் தினமும் புதுத் தண்ணீர் பிடித்து வெட்டிவேர் போட வேண்டும். முன்பகலில் நீர்மோர், சாயங்காலம் வெள்ளரிக்காயோ நுங்கோ. பொழுது சாயும் முன்னே ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும் என்பதால், மத்தியானப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்த கையோடு மறுபடியும் உலை வைக்க வேண்டும். புதனும் சனியும் எண்ணெய்க் குளியல், முதுகு தேய்க்க நான். ஒரு ஆளின் நல்ல பழக்கத்துக்கு இன்னொரு ஆள் எத்தனை தடவை அடுப்பைப் பற்றவைக்க வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் அந்த போன்காரர் சொல்லவே இல்லை.

எனக்கு ஐம்பது நெருங்குகிறது. இரண்டு வருஷமாக மாதவிலக்கில் போக்கு அதிகம். மாடிக்கு வடகம் காயப்போட ஏறினால் பாதிப் படியில் உட்கார்ந்துதான் ஏற வேண்டும். நெஞ்சு படபடவென்று அடிக்கும். பங்குனியில் தென்காசியில் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். ஸ்கேன் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிட வேண்டியதுதான் என்றார். ஆனால் உடனே எடுக்க முடியாது. ரத்தம் எட்டில் நிற்கிறது, பத்தையாவது தொட்டால்தான் ஆபரேஷன், இல்லாவிட்டால் மயக்க மருந்து கொடுக்கச் சம்மதிக்க மாட்டார்கள் என்றார். எங்களுக்கு ஒரே மகன், பட்டாளத்தில் இருக்கிறான். ஆனி மாதத்தில் லீவு எழுதிக் கொடுத்து வாங்கி வைத்திருந்தான். அவன் வரும்போது ஆபரேஷனை வைத்துக்கொள்வது என்று பேச்சு. ஆக, ஆனிக்குள் எனக்கு ரத்தம் ஏற வேண்டும். மாதாமாதம் இறங்குவதற்கு முன்னால் அது ஏறியாக வேண்டும். என் கோடை முழுக்க இந்த ஒரு கவலைதான்.

டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். ஆட்டு ஈரல், சுவரொட்டி என்கிற மண்ணீரல், முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், எள்ளுருண்டை. இரும்புச் சத்து மாத்திரை. அதோடு பாலோ மோரோ டீயோ சேரக் கூடாது. மத்தியானம் கொஞ்சம் படுங்கள். பிறகு என்ன நினைத்தாரோ, "வீட்டுல யாரும்மா கடைசியாச் சாப்பிடுவா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதையெல்லாம் ஒரு டாக்டர் கேட்பாரா என்று இருந்தது. அவர் சிரிக்கவில்லை. "மொதல்ல நீங்க சாப்பிடுங்க. பெறகு மத்தவங்களுக்கு வைங்க. இதுவும் மருந்துதான்" என்றார்.

கிளினிக் வாசலில் பைக்கை எடுக்கும்போதே இவர் ஆரம்பித்துவிட்டார்.

"டாக்டரு படிச்சிருக்காவ, சரி. கத்திரி வெயில் நேரத்துல ஈரலும் பேரீச்சையும் தின்னா என்னட்டி ஆவும்? ஒடம்புச் சூட்டுலதான் ஒனக்கு இப்படிப் போவுது. சூட்டைக் குறைக்கத விட்டுட்டு, மேக்கொண்டு சூட்டைப் போடச் சொல்லுதாவ."

"அவங்க ரத்தம் ஊறதுக்குல்லா சொன்னாங்க" என்றேன்.

"ரத்தம் எங்கயும் போயிராது. சாரல் வரட்டும். காத்து குளுந்துட்டுன்னா எல்லாம் தன்னால சரியாயிரும்."

எங்கள் பக்கத்தில் சித்திரை, வைகாசியில் எதைச் சொன்னாலும் இதுதான் பதில். வேர்க்குருவா, சாரல் வரட்டும். பசு பால் குறைத்துவிட்டதா, சாரல் வரட்டும். தூக்கம் வரவில்லையா, கோபம் கூடுதலாக வருகிறதா, எல்லாவற்றுக்கும் குற்றாலத்துச் சாரல் வந்து மருந்து போட வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம் மழை பிடித்து இங்கே பொடித்தூறல் விழும்வரைக்கும் இந்த ஊரில் யாரும் எதையும் வியாதி என்று ஒத்துக்கொள்வதில்லை. எல்லாம் சூடு. கர்ப்பப்பையில் கட்டி இருந்தாலும் அது சூட்டுக் கட்டி.

அப்படியாக, ரத்தம் ஊற வைக்கும் என்று டாக்டர் சொன்ன ஒவ்வொன்றும் எங்கள் வீட்டில் சூட்டுச் சாமான் என்று நின்றுபோனது. முருங்கைக்கீரை சூடு. எள் சூடு. பேரீச்சம்பழம் வாங்கி வந்த பையை அவரே எடுத்து மேல் பரணில் வைத்தார், சாரல் வந்ததும் தின்னலாமாம். கறி, கவுச்சி வாசலுக்குள்ளேயே வரக் கூடாது. எனக்குக் கிடைத்ததெல்லாம் வெள்ளரிக்காய், தர்பூசணி, மோர். மாத்திரையை மட்டும் நான் விடவில்லை. அதைப் போட்டுத் தண்ணீர் குடிப்பதற்குள் மோர் டம்ளரோடு வந்து நிற்பார். "இதக் குடி, மாத்திரைச் சூட்டை மோரு முறிச்சிரும்" என்பார். டாக்டர் கூடாது என்றாரே என்றால், "அவங்க இங்கிலீஷ் மருந்துக்குச் சொல்லுதாவ, ஒடம்புக்குச் சொல்லல" என்பார். பாசமாகத்தான் நீட்டினார், அதை மறைக்க மாட்டேன். பாசமாக நீட்டினால் மட்டும் மோர் மோராக இல்லாமல் போய்விடுமா. வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்து, பாதி நாள் வாங்கிக் குடித்துவிடுவேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். என் பழையதை எடுத்துக்கொண்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் பழைய சோறு என் சாப்பாடு. அது நல்லது என்று நினைத்துச் சாப்பிடவில்லை. ராத்திரி மிஞ்சுகிற சோற்றில் தண்ணீரை ஊற்றி வைப்பேன். காலையில் மற்றவர்களுக்குத் தோசை, இட்லி என்று முடிந்ததும் வெயில் ஏறிய நேரத்தில் அடுப்படித் தரையில் காலை நீட்டி உட்காருவேன். ரெண்டு சின்ன வெங்காயம், இல்லாவிட்டால் முந்தின நாள் குழம்பைச் சுண்டவைத்தது. முதலில் சோறு ஊறின நீச்சத்தண்ணியைக் குடித்தால் கண் திறக்கும். நாளில் நான் உட்காருகிற முதல் இடம் அதுதான். ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். எட்டிப் பார்த்தால் இவர் முகத்தைச் சுளிப்பார். "என்னட்டி, போலீஸ்காரன் பொண்டாட்டி வயல்வேலைக்குப் போறவ மாதிரி பழையதத் திங்கெ" என்பார். அவருக்கு அது கேவலம். எனக்கு அதுவே சௌகரியம், ஏனென்றால் அதற்குப் பங்குக்கு வர யாரும் இல்லை.

போன்காரர் ஒரு நாள் பழைய சோற்றைப் பற்றிப் பேசினார். குடலுக்கு நல்லது, வெயிலுக்கு அமிர்தம், மெட்டபாலிசம் அப்படி, இப்படி. மறுநாள் காலை இவர் வந்து என் பானையைத் திறந்து பார்த்தார். ஒரு வாரத்தில் அது அவர் சாப்பாடு ஆகிவிட்டது. அப்புறம் வெள்ளை அரிசி ஆகாது, சிவப்பரிசி வேண்டும். எவர்சில்வர் ஆகாது, மண்சட்டி வேண்டும். மிஞ்சிய சோற்றில் போட்டது ஆகாது, அதற்கென்றே வடித்துப் போட வேண்டும். மிச்சத்தில் இருந்து வந்த சாப்பாட்டுக்கு இனிமேல் மிச்சமே கூடாது. நான் அதைச் சொன்னபோது அவருக்குப் புரியவில்லை.

அதோடு விட்டாரா. காலையில் கூட நடக்கிறவர்கள் ஒரு கூட்டம். எல்லாருமே ஓய்வு பெற்றவர்கள், பேங்க், கரண்ட் ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று. இலஞ்சியில் இருந்து குற்றாலம் வரை நடந்து, தண்ணீர் இல்லாத அருவிக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுத் திரும்புவார்கள். கோடையில் அங்கே பாறைதான் தெரியும். கடைகள் பாதி மூடிக் கிடக்கும், குரங்குகள் மட்டும் உண்டு. அந்தப் பேச்சில் இவர் பழையதைப் பற்றிப் பிரசங்கம் செய்திருக்கிறார். முதலில் ரெண்டு பேரைக் கூட்டி வந்தார். பிறகு நாலு. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆறு, ஏழு. கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து, "மதினி, கொஞ்சம் நீச்சத்தண்ணி", "மதினி, மோர்மிளகாய் இருக்கா" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். நல்ல மனிதர்கள்தான். "அண்ணாச்சி கொடுத்து வச்சவரு, இந்தக் காலத்துல யாரு வீட்டுல இதெல்லாம் செய்யுதாவ" என்பார்கள். அவருக்கு முகமெல்லாம் மலரும். பானையைக் கழுவுகிறபோது பார்ப்பேன், அடியில் நாலு பருக்கை ஒட்டியிருக்கும். எனக்கு மத்தியானச் சோறு வடியும்வரை ஒன்றும் இல்லை. மொதல்ல நீங்க சாப்பிடுங்க என்று சொன்ன டாக்டரை நினைத்துக்கொள்வேன், வேறென்ன செய்ய.

அந்தக் கூட்டத்தில் பேங்க்காரர் ஒருவருக்கு என் மேல் அக்கறை. "மதினி ரொம்பச் சோர்ந்து தெரியுதாவ அண்ணாச்சி. வாக்கிங் கூட்டிட்டு வாங்க. அசையாம இருந்தா எனர்ஜி எப்படி வரும்?" என்றார். அசையாமல் இருக்கிறேனாம். அவர் கையில் அப்போது நான் கொண்டுபோய்க் கொடுத்த மோர் டம்ளர் இருந்தது.

மறுநாள் விடியலில் இவர் என்னையும் கிளப்பினார். போக்கு நின்று ரெண்டு நாள்கூட ஆகவில்லை. ஊரைத் தாண்டித் தென்னந்தோப்புப் பக்கம் போவதற்குள் காது இரைய ஆரம்பித்தது. கண்ணுக்கு முன்னால் இருட்டிக்கொண்டு வந்தது. ஓடைப் பாலத்துக் கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"என்னங்க, முடியல எனக்கு."

"மொத நாளு அப்படித்தான் இருக்கும். பழகிரும்" என்றார். கையில் வாட்சைப் பார்த்தார். "அவ்வளவு பேரும் அங்கன நிப்பாங்க. நீ இங்கனயே இரி, திரும்பி வரும்போது கூட்டிக்கிடுதேன்."

போய்விட்டார். கையை வீசி, முதுகை நிமிர்த்தி, போன்காரர் சொன்னபடி நடந்து போனார். நான் அந்தக் கட்டையிலேயே உட்கார்ந்திருந்தேன். காய்கறி வேன் போனது, பால் வண்டி போனது, தெரிந்தவர்கள் வண்டியை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வெயில் தோப்பைத் தாண்டி என் மேல் விழுந்த பிறகுதான் அவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். "நல்ல காத்து வாங்குதீய மதினி" என்றார் பேங்க்காரர். எனக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் வந்த அழுகை. அதை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து ஆறு பேருக்குப் பழையது வைத்தேன்.

வைகாசிக் கடைசியில் மறுபடியும் டாக்டரிடம் போனோம். ரத்தம் பார்த்தார்கள். ஏழரை. ஏறவில்லை, இறங்கியிருந்தது.

டாக்டர் என்னைப் பார்த்து, "என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொன்னார். "நம்ம வீட்டுல எல்லாமே நேச்சுரல், மேடம். பழைய சோறு, கூழு, மோரு, நுங்கு. ஒரு ஹோட்டல் சாப்பாடு கெடையாது."

"ஈரல்? கீரை?"

"அதெல்லாம் சூடுல்லா மேடம். கோடை போகட்டும்னு நிறுத்தி வச்சிருக்கோம்."

"நான் அவங்ககிட்டக் கேட்டேன்" என்றார் டாக்டர். குரல் உயரவில்லை. ஆனால் இவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சர்வீஸில் மேலதிகாரி கூப்பிட்டால் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார் போல. டாக்டர் என்னிடம், இந்த ரத்தத்தோடு ஆனியில் ஆபரேஷன் முடியாது, இரும்பு ஊசி போடலாம், இன்னும் இறங்கினால் ரத்தமே ஏற்ற வேண்டும் என்றார். "நான் சொன்னதுல ஒண்ணாவது செஞ்சீங்களா?" என்று கேட்டார். நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவரில் இருந்த குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வருகிற வழியில் நுங்கு வண்டியைப் பார்த்ததும் பைக்கை நிறுத்தினார். எனக்கும் ஒன்று வாங்கிக் கையில் கொடுத்தார். அங்கே நின்றபடியே மகனுக்கு போன் போட்டார்.

"ஏலே, லீவைக் கேன்சல் பண்ணிரு. உங்கம்மைக்கு ரத்தம் ஏறல. ஆமா. சொன்னாக் கேட்டால்லா. எல்லாம் பாத்துப் பாத்துத்தான் செய்யுதேன். அவ மத்தியானம் மத்தியானம் படுத்துக் கெடக்கா, ஒடம்பை வளைக்கணும்லா."

அந்த மகன் எத்தனை பேரிடம் கெஞ்சி வாங்கின லீவு அது. அவன் பக்கத்தில் இருப்பான் என்ற ஒரே தைரியத்தில்தான் நான் ஆபரேஷனுக்குச் சம்மதித்திருந்தேன். அதை ஒரு நுங்கு தின்கிற நேரத்தில் முடித்துவிட்டார். பழியையும் என் தலையில் வைத்துவிட்டார். கையில் இருந்த நுங்கை அப்படியே ரோட்டில் போட்டேன். கை தவறிவிட்டது என்று நினைத்து, இன்னொன்று சீவச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டேன்.

அடுத்த வாரமே சாரல் வந்தது. மேற்கே மலை மறைந்து, காற்றில் பொடித்தூறல் வந்து முகத்தில் அடித்தது. ஊருக்கே சந்தோஷம். இவர்கள் கூட்டம், ஞாயிற்றுக்கிழமை அருவியில் முதல் குளியல், அப்புறம் எங்கள் வீட்டில் பழையது என்று ஏற்பாடு செய்தார்கள். "பெரிய பானையில போடு. எட்டுப் பேரு" என்றார். சனிக்கிழமை சாயங்காலம் வடித்துத் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் துண்டையும் எண்ணெய்ப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு கிளம்பிய கொஞ்ச நேரத்தில் நானும் கிளம்பினேன். குடையைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று, கறிக்கடைக்கு நடந்தேன். சுவரொட்டியும் ஈரலும் கேட்டு வாங்கினேன். பிரசவத்துக்குப் பிறகு அம்மா வீட்டில் தின்றது. வந்து, மிளகும் சின்ன வெங்காயமும் போட்டுச் சட்டியில் பிரட்டினேன். வாசனை தெருவரைக்கும் போயிருக்கும். போகட்டும் என்று அடுப்படிச் சன்னலை முழுசாகத் திறந்து வைத்தேன். பரணில் ஏறிப் பேரீச்சம்பழப் பையையும் இறக்கினேன். பிறகு பானையில் இருந்து எனக்கு வேண்டிய அளவு பழையதைத் தட்டில் போட்டேன். அடுப்படித் தரையில் உட்காரவில்லை. கூடத்தில், அவர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பாதிச் சாப்பாட்டில் அவர்கள் வந்துவிட்டார்கள். எட்டுப் பேரும் தலை ஈரத்தோடு, தோளில் துண்டோடு, குளிரில் கொஞ்சம் நடுங்கிக்கொண்டு நல்ல பசியோடு வந்து நின்றார்கள். கூடத்தில் தட்டு இல்லை, வெங்காயம் உரிக்கவில்லை, மோர் கடையவில்லை.

"எந்திரிட்டி" என்றார் மெதுவாக.

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

"ஆளு வந்திருக்காவ."

"பானை அங்கன அடுப்படியிலதான் இருக்கு. எட்டுப் பேருக்கும் இருக்கு. எடுத்துப் போட்டுச் சாப்பிடுங்க."

ஒருத்தரும் அசையவில்லை. மெட்டபாலிசத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற எட்டு ஆண்கள், ஒரு பானைக்கும் ஒரு தட்டுக்கும் நடுவில் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள். பேங்க்காரர் அடுப்படி வாசல்வரை போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "மதினிக்கு ஒடம்பு சரியில்ல போல அண்ணாச்சி, இன்னொரு நாளு பாப்போம்" என்றார். நான் தலை நிமிர்ந்து, "ஒடம்பு சரியில்லதான். அதுக்குத்தான் சாப்பிடுதேன்" என்றேன். கொஞ்ச நேரத்தில் எல்லாருமாகக் கிளம்பிப் போய்விட்டார்கள். மத்தியானம் இவர் திரும்பி வந்தபோது அவர் சட்டையில் சால்னா வாசனை அடித்தது.

சாயங்காலம் மகன் கூப்பிட்டான். "எம்மா, அப்பாவை நாலு பேருக்கு முன்னால பட்டினி போட்டியாமே" என்றான்.

"பானை நெறையச் சோறு இருந்துச்சுலே."

"எடுத்து வைக்கலியாம்லா."

"ஆமா, எடுத்து வைக்கல. நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

என்ன சாப்பிட்டாய் என்று அவன் கேட்கவில்லை. அவனை நான்தான் வளர்த்தேன், சுடச்சுட எடுத்து வைத்து, எடுத்து வைத்து. அவனை என்ன சொல்ல. போனை வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் முதல் தட்டு எனக்குத்தான். சண்டை போடவில்லை. முதலில் என் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன், அவ்வளவுதான். முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, வாரம் ரெண்டு நாள் ஈரல். மோர் டம்ளர் நீண்டால், கீழே வையுங்கள், பிறகு குடிக்கிறேன் என்பேன். கூட்டம் வருவது நின்றுபோனது. அவர் சில நாள் வெளியே தின்றார், சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நான் சாப்பிட்டு எழும்வரை காத்திருந்தார். டவுன் பஸ் பிடித்துத் தனியாகவே போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தேன்.

ஆடிக் கடைசியில் ரத்தம் பத்தைத் தொட்டது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதிலாகப் பேசுவதற்கு அன்றைக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. "மொதல்ல சாப்பிட்டேன்" என்றேன். ஆவணியில் ஒரு தேதி கொடுத்தார். மகனுக்கு இனி தீபாவளிக்குத்தான் லீவு. சுரண்டையில் இருந்து அக்கா வந்து ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. உடனே போனை எடுத்தார். பேங்க்காரரிடம்தான். "ரத்தம் ஏறிட்டு அண்ணாச்சி. பத்து. நம்ம பழையதுதான், வேறென்ன. நான்தான் அப்பமே சொன்னேம்லா, சாரல் வந்தாச் சரியாயிரும்னு." நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இனிமேல் இந்தக் கதையை அவர் அருவிக்கரையில் எத்தனை பேருக்குச் சொல்வாரோ.

பேசி முடித்துவிட்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார். எதையோ கேட்கத் தயங்குவது தெரிந்தது. ஆபரேஷனைப் பற்றித்தான் கேட்கப் போகிறார், பயமாக இருக்கிறதா என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். நினைத்தது என் தப்பு.

"ஆஸ்பத்திரியில பத்து நாளைக்கு மேல இருக்கணுமோ?"

"வீட்டுக்கு வந்தாலும் மாசக் கணக்குல ரெஸ்ட்டு எடுக்கணுமாம்."

"அப்பம் பழையது யாரு போடுவா?"

அவரைப் பார்த்தேன். கோடை முழுக்க அதைப் பற்றிப் பேசிய மனிதர். சிவப்பரிசி, மண்சட்டி, குடல், எனர்ஜி என்று ஊருக்கே பாடம் எடுத்தவர்.

"ராத்திரி சோத்துல தண்ணிய ஊத்தி மூடி வைக்கணும். அம்புட்டுத்தான்" என்றேன்.

அவர் உள்ளே வந்து பானை மூடியைத் திறந்து பார்த்தார். பிறகு கேட்டார்.

"எவ்வளவு தண்ணி?"